மாட்யூல் போட்ட பிறகு பூட் ஆகாத லினக்ஸ்

என்விடியா டிரைவரோ, விர்ச்சுவல்பாக்ஸோ, வைஃபை டாங்கிளுக்கு எங்கிருந்தோ இறக்கிய டிரைவரோ, எதுவானாலும் கதை ஒன்றுதான். நிறுவல் முடிந்தது, ரீபூட் கேட்டது, கொடுத்தோம், திரை எழவில்லை. உடனே பென்டிரைவைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறவர்கள்தான் அதிகம். வேண்டவே வேண்டாம். கர்னல் மாட்யூல் என்பது /லிப்/மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும் ஒரு சிறு கோப்பு. உங்கள் படங்களையும் கணக்குகளையும் அது தொட்டிருக்காது. கணினி எந்தக் கட்டம்வரை வந்து நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், மீதி வேலை பெரும்பாலும் ஒரு பேக்கேஜை நீக்குவதிலோ ஒரு கட்டளையை மறுபடி ஓட்டுவதிலோ முடிந்துவிடும்.

உபுண்டு, டெபியன், மின்ட் குடும்பத்தை வைத்தே இங்கு விளக்குகிறேன். ஃபெடோராவும் ஆர்ச்சும் வேறுபடும் இடங்களைக் கடைசியில் குறிப்பிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எங்கே நின்றது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஃபர்ம்வேர், அடுத்து பூட்லோடரான க்ரப், அது தூக்கிவிடும் கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் படிமமும், பிறகு ரூட் பகிர்வு மவுண்ட் ஆவது, அதன்மேல் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி, கடைசியில் லாகின் திரை. இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டமும் விழும்போது ஒவ்வொரு விதமாகக் குரல் கொடுக்கும்.

க்ரப் மெனுவே வரவில்லை, அல்லது 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது என்றால் நீங்கள் போட்ட கர்னல் மாட்யூல் குற்றவாளி இல்லை. க்ரப்புக்கும் மாட்யூல் என்ற பெயரில் சொந்தக் கோப்புகள் உண்டு. பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. 'கர்னல் பேனிக்' என்ற சொல்லோடு 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் கிடைக்கவில்லை, அல்லது உடைந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று எழுதி கர்சர் துடித்துக்கொண்டிருந்தால், அது கிடைத்துவிட்டது. உள்ளே வட்டுக்கான மாட்யூல் இல்லை, அல்லது ரூட் பகிர்வைக் காணவில்லை. 'எமர்ஜென்சி மோட்' என்றால் கர்னலும் ரூட்டும் நலம், சிஸ்டம்டி எதிலோ தடுக்கியிருக்கிறது. ஒன்றுமே எழுதாமல் வெறும் கறுப்புத் திரை என்றால், பத்தில் எட்டு முறை லினக்ஸ் முழுதாக எழுந்துவிட்டது. படம் காட்டத்தான் ஆளில்லை.

இடையிடையே சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்டு டு ஸ்டார்ட் லோட் கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி ஓடும். இதைப் பார்த்து மிரள வேண்டாம். /ஈடிசி/மாட்யூல்ஸ் கோப்பிலோ /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி ஃபோல்டரிலோ எழுதியிருக்கும் ஏதோ ஒரு பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். பொதுவாக அது பூட்டை நிறுத்தாது. நிற்பதற்குக் காரணம் அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும்.

முதலில் பழைய கர்னல்

எதையும் திருத்தும் முன் செய்ய வேண்டியது இது. கணினியை இயக்கியதும், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஓரிரு முறை தட்டுங்கள். க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் முந்தைய கர்னல் பதிப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுந்தால் நிம்மதி என்பது ஒருபுறம். அதைவிட முக்கியம், இந்த ஒரு சோதனை நோயின் இடத்தையே காட்டிவிடும். ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் தனி மாட்யூல் ஃபோல்டர் உண்டு, தனி இனிட்ராம்எஃப்எஸ் உண்டு. டெபியன் குடும்பத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை, கேட்டாலொழிய ஆகப் புதிய கர்னலின் படிமத்தை மட்டுமே மாற்றும். ஆகவே பழையது எழுந்தால் கோளாறு புதிய கர்னலுக்கான மாட்யூலிலோ படிமத்திலோ இருக்கிறது. பழையதும் அதே இடத்தில் விழுந்தால், எல்லாக் கர்னல்களுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது: பெரும்பாலும் /ஈடிசி ஃபோல்டருக்குள் ஒரு வரி.

பழையதும் எழவில்லையா? மெனுவில் கர்னல் வரிமேல் நின்று 'இ' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சிறு எடிட்டர் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் 'கொயட் ஸ்ப்ளாஷ்' என்ற இரு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழியுங்கள். அழகான லோகோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த செய்திகள் எல்லாம் இப்போது திரையில் ஓடும். எஃப்10 அல்லது கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்தினால் பூட் தொடங்கும். இங்கே செய்யும் மாற்றம் இந்த ஒரு பூட்டோடு போய்விடும் என்பதால் துணிந்து சோதிக்கலாம்.

அதே வரியின் கடைசியில் சில சொற்களைச் சேர்க்கவும் செய்யலாம். வெறும் '3' என்ற எண்ணைச் சேர்த்தால் கிராபிக்ஸ் இல்லாமல் எழுத்துத் திரையில் லாகின் கேட்கும். 'நோமோட்செட்' என்பது நூவோ, ஐ915, ஏஎம்டிஜிபியூ போன்ற டிரைவர்களை ஒதுக்கிவிட்டு ஃபர்ம்வேர் கொடுத்த எளிய படத்தோடு எழச் சொல்வது. எழுந்த பிறகும் அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு திரை ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. அது உள்ளே நுழைவதற்கான வழி மட்டும். காரியம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

எந்த மாட்யூல்மேல் சந்தேகம் என்று தெரிந்தால் 'மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=' என்று எழுதி அதன் பெயரைச் சேருங்கள். 'மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=' என்றும் ஒன்று உண்டு. பின்னது, வன்பொருளைப் பார்த்துத் தானாக ஏறுவதை மட்டும் தடுக்கும். வேறொரு மாட்யூலோ ஸ்கிரிப்டோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏறிவிடும். முன்னது கர்னலே வாசலில் நின்று மறுப்பது. பூட்டே நடக்காத நேரத்தில் எனக்கு முன்னதில்தான் நம்பிக்கை.

கறுப்புத் திரை: டிகேஎம்எஸ்ஸைக் கேளுங்கள்

அதிகம் நேரும் கோளாறு இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். என்விடியா டிரைவரை நிறுவும்போது இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, கர்னலோடு வரும் நூவோ டிரைவர் தடுக்கப்படும். இரண்டு, என்விடியாவின் மாட்யூல் உங்கள் கர்னலுக்கேற்ப உருவாக்கப்படும். முதலாவது நடந்து இரண்டாவது தோற்றால் பழைய ஆளும் இல்லை, புதிய ஆளும் வரவில்லை.

கறுப்புத் திரையில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்திப் பாருங்கள். எழுத்தில் லாகின் கேட்டால் உள்ளே நுழையுங்கள். கேட்காவிட்டால் மேலே சொன்ன '3' வழியாக வாருங்கள். வந்ததும்:

யூநேம் -ஆர்
டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

முதல் கட்டளை இப்போது ஓடும் கர்னலின் பதிப்பைச் சொல்லும். இரண்டாவது, மாட்யூல்களை உருவாக்கும் கருவியான டிகேஎம்எஸ் வசம் உள்ள ஒவ்வொரு மாட்யூலையும், அது எந்தக் கர்னலுக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லும். கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'இன்ஸ்டால்டு' என்றால் அதனதன் இடத்தில் இருக்கிறது. 'பில்ட்' என்றால் உருவானது, ஆனால் மாட்யூல் ஃபோல்டருக்குப் போய்ச் சேரவில்லை. 'ஆடட்' என்றால் மூல நிரல் மட்டும் வந்து கிடக்கிறது, உருவாக்கவே முடியவில்லை. பட்டியலில் ஒரு கர்னல் பதிப்பு இருந்து, யூநேம் காட்டும் பதிப்பு இல்லாமல் போனாலும் கதை அதேதான்.

ஏன் உருவாகவில்லை என்பதை /வார்/லிப்/டிகேஎம்எஸ் ஃபோல்டருக்குள், மாட்யூல் பெயர், பதிப்பு என்று இறங்கினால் கிடைக்கும் 'மேக்.லாக்' கோப்பு சொல்லும். நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். கடைசி வரியிலிருந்து மேலே போகாமல், 'எரர்' என்ற சொல் முதன்முதலாக வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்குப் பின் வருவதெல்லாம் அந்த ஒன்றின் எதிரொலி. கர்னல் ஹெட்டர் கிடைக்கவில்லை என்றால், யூநேம் காட்டிய அதே பதிப்புக்கு உரிய 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்' பேக்கேஜை நிறுவிவிட்டு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டினால் தீர்ந்தது. ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் உள்ளீடுகள் கூடுதல், குறைவு என்று கம்பைலர் புலம்பினால், உங்கள் டிரைவர் பழையது, கர்னல் புதியது. எத்தனை முறை ஓட்டினாலும் நடக்காது. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது டிரைவர் தயாராகும்வரை பழைய கர்னலிலேயே இருக்க வேண்டும்.

இது கவனக்குறைவால் நேர்வது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகங்களை நிலையாக வைப்பதில்லை என்பது அறிவித்த கொள்கை. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் இதற்காகவே எழுதிய 'ஸ்டேபிள் ஏபிஐ நான்சென்ஸ்' என்ற ஆவணம் கர்னல் மூல நிரலோடேயே வருகிறது. கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை மாற்றம் செய்கிறவர்களே திருத்திவிடுவார்கள்; வெளியே இருக்கும் டிரைவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியை அடைக்க டெல் நிறுவனத்தார் உருவாக்கியதுதான் டிகேஎம்எஸ். கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி உருவாக்கும் வேலை அதனுடையது.

டிரைவரே வேண்டாம், கணினி எழுந்தால் போதும் என்று முடிவெடுத்தால், பேக்கேஜாகப் போட்டவர்கள் ஏபிடி வழியாக 'பர்ஜ்' செய்யலாம். இணையதளத்திலிருந்து '.ரன்' கோப்பாக இறக்கிப் போட்டவர்களுக்கு 'என்விடியா-அன்இன்ஸ்டால்' என்ற கட்டளை உண்டு. அதன் பிறகும் ஒரு வேலை இருக்கிறது. /ஈடிசி/மாட்ப்ரோப்.டி, /யூஎஸ்ஆர்/லிப்/மாட்ப்ரோப்.டி என்ற இரு ஃபோல்டர்களிலும் 'நூவோ' என்ற பெயரை க்ரெப் வைத்துத் தேடுங்கள். அதைத் தடுக்கும் கோப்பு எங்காவது மிச்சமிருந்தால் நீக்கிவிட்டு,

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்

என்று ஓட்டுங்கள். இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டுத்தான் பலர், கோப்பை நீக்கியும் நிலைமை மாறவில்லையே என்று குழம்புவார்கள். மாட்ப்ரோப்.டி ஃபோல்டரின் நகல் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இருக்கிறது. வெளியே அழித்தது உள்ளே அழியாது.

செக்யூர் பூட் போட்ட பூட்டு

டிகேஎம்எஸ் எல்லாமே 'இன்ஸ்டால்டு' என்கிறது, மாட்ப்ரோப் கொடுத்தால் மட்டும் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' அல்லது 'ரெக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்கிறது. இது செக்யூர் பூட்டின் வேலை. கையொப்பமில்லாத மாட்யூலை, அல்லது தனக்குத் தெரியாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை, கர்னல் ஏற்றாது. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' என்று கேட்டால் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உபுண்டு கையொப்பத்துக்கான சாவியை ('மோக்') தானே உருவாக்கி, நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீலத்திரை ஒன்று தோன்றி, ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு சொல்லும். பத்து நொடிதான் காத்திருக்கும். அது என்னவோ வைரஸ் என்று நினைத்துப் பேசாமல் இருந்தாலோ, தேநீர் எடுக்கப் போய்விட்டாலோ, சாவி பதியாமலேயே பூட் தொடர்ந்துவிடும். அப்படி நழுவவிட்டிருந்தால்,

சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர்

என்று மறுபடி கொடுங்கள். இதில் 'மோக்.டெர்' கோப்புப் பெயரின் 'மோக்' மட்டும் பெரிய எழுத்து. கேட்கும் கடவுச்சொல் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எளிதாகவே வைக்கலாம். ரீபூட்டில் நீலத்திரை வந்ததும் 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல் என்று போக வேண்டும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபமான வழி என்று எல்லோரும் சொல்வார்கள். அதே கணினியில் விண்டோஸும், அதில் பிட்லாக்கரும் இருந்தால், அணைத்த பிறகு விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டுச்சோறு

ரூட் பகிர்வு வட்டில் இருக்கிறது. வட்டைப் படிக்க மாட்யூல் வேண்டும். மாட்யூலோ ரூட் பகிர்வில் இருக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான், ஊர் போய்ச் சேரும்வரை வழியில் உண்ணக் கட்டிக் கொடுப்பதுபோல, தேவையான மாட்யூல்களை ஒரு படிமத்தில் கட்டிக் கர்னலோடு அனுப்புகிறார்கள். கட்டியது குறைவாக இருந்தால் வழியிலேயே நிற்க வேண்டியதுதான்.

'இனிட்ராம்எஃப்எஸ்' ப்ராம்ப்ட்டில் நின்றால், அதற்குச் சற்று மேலே 'அலர்ட்!' என்று தொடங்கி, ஒரு நீண்ட யூயூஐடி எண் இல்லை என்று சொல்லும் வரி இருக்கும். 'பிஎல்கேஐடி' என்று அடித்துப் பாருங்கள். வட்டுகளின் பெயர்களும் எண்களும் வந்தால் வட்டு தெரிகிறது; எண்தான் பொருந்தவில்லை, ஆகவே மாட்யூலை விட்டுவிட்டு க்ரப் வரியில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் வட்டுக்கான மாட்யூல் ஏறவில்லை. 'மாட்ப்ரோப் என்விஎம்இ' அல்லது சாட்டா வட்டு என்றால் 'மாட்ப்ரோப் ஏஹெச்சிஐ' கொடுத்து, மறுபடி பிஎல்கேஐடி. வட்டு தலைகாட்டினால் 'எக்ஸிட்' அடியுங்கள், பூட் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எழுந்ததும் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டரில் உள்ள கட்டமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்=' வரியைப் பாருங்கள். 'டெப்' என்று இருந்தால் படிமம் உருவானபோது இருந்த வன்பொருளுக்கானதை மட்டும் கட்டும். வட்டை வேறு கணினிக்கு மாற்றியவர்கள் சிக்குவது இங்குதான். 'மோஸ்ட்' என்று மாற்றிப் படிமத்தைப் புதுப்பியுங்கள்.

இன்னொரு சாதாரணக் காரணம், /பூட் பகிர்வு நிரம்பி வழிவது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பகிர்வாக, சிறியதாக இருக்கும். கிராபிக்ஸ் மாட்யூல்களும் அவற்றின் ஃபர்ம்வேரும் சேர்ந்தால் படிமம் பருத்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்துவிடும். 'டிஎஃப் -ஹெச் /பூட்' நூறு சதவீதம் காட்டினால், 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' மூலம் பழைய கர்னல்களைக் கழித்துவிட்டுப் படிமத்தை மறுபடி உருவாக்குங்கள். முதலில் சொன்ன 'அனேபிள் டு மவுண்ட் ரூட்' பேனிக்குக்கு இதுவே முக்கியமான மூலம்.

எந்தக் கதவும் திறக்காவிட்டால்

லைவ் பென்டிரைவில் எழுந்து, வட்டில் உள்ள அமைப்புக்குள் சிஎச்ரூட் செய்து நுழைய வேண்டும். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்து ரூட் பகிர்வைக் கண்டுபிடியுங்கள். அதை /எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள். தனி /பூட் இருந்தால் /எம்என்டி/பூட் இடத்திலும், இஎஃப்ஐ பகிர்வை /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ இடத்திலும் மவுண்ட் செய்யுங்கள். பிறகு /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் 'மவுண்ட் --ஆர்பைண்ட்' மூலம் உள்ளே இணைத்துவிட்டு 'சூடோ சிஎச்ரூட் /எம்என்டி'. இப்போது நீங்கள் இருப்பது உங்கள் சொந்த அமைப்பில். மாட்யூலை நீக்கலாம், படிமத்தைப் புதுப்பிக்கலாம்.

இங்கே இரண்டு கண்ணிகள். சிஎச்ரூட்டுக்குள் யூநேம் சொல்வது பென்டிரைவின் கர்னல் பதிப்பை. அதை நம்பி டிகேஎம்எஸ் ஓட்டினால் இல்லாத கர்னலுக்கு மாட்யூல் உருவாக்க முயலும். 'எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ்' பார்த்துச் சரியான பதிப்பை எடுத்து, 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே' என்பதோடு கொடுங்கள். இரண்டாவது, குறியாக்கம் செய்த வட்டு. அதை 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்' மூலம் திறக்கும்போது, உங்கள் /ஈடிசி/கிரிப்ட்டேப் கோப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். வாய்க்கு வந்த பெயரை வைத்துத் திறந்து படிமத்தைப் புதுப்பித்தால், திறப்பதற்கான கருவியே இல்லாத படிமம் உருவாகக்கூடும். அடுத்த பூட்டில் கடவுச்சொல் கேட்கக்கூட ஆள் இருக்காது.

பேனிக் திரையைப் படிப்பது

மாட்யூல் ஏறும்போதே கர்னல் விழுந்தால் திரை நிறைய எண்கள் கொட்டும். பல மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடி மறைந்தால் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அத்தனை வரிகளிலும் பார்க்க வேண்டியவை சில. 'ஆர்ஐபி' வரியில் ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு மாட்யூல் பெயர் இருந்தால், விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்தது அதுதான். 'டெயின்டட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் 'பி' என்பது தனியுரிமை மாட்யூல், 'ஓ' என்பது கர்னலுக்கு வெளியிலிருந்து வந்தது, 'இ' என்பது கையொப்பமில்லாதது. 'மாட்யூல்ஸ் லிங்க்டு இன்' வரியிலும் அவ்வகை மாட்யூல்களின் பெயருக்கு அருகே இதே எழுத்துகள் ஒட்டியிருக்கும்.

பவர் பட்டனைப் பிடித்து அணைக்கும் முன் ஆல்ட்+சிஸ்ஆர்க்யூவை அழுத்தியபடி 'எஸ்', 'யூ', 'பி' என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வட்டில் எழுத வேண்டியதை எழுதி, படிக்க மட்டும் என்று மாற்றி, ரீபூட் ஆகும். உபுண்டு இந்த மூன்றையும் இயல்பாகவே அனுமதிக்கிறது. முழுப் பேனிக்கில் இதுவும் கேட்காமல் போகலாம்; கேட்டால் லாபம். அடுத்து எழுந்ததும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே' முந்தைய பூட்டின் கர்னல் செய்திகளைக் காட்டும். பேனிக்கின் கடைசி நொடிகள் அதில் ஏறியிருக்காது. அவற்றை /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் ஃபோல்டரில் தேடுங்கள், பல கணினிகளில் ஃபர்ம்வேர் பத்திரப்படுத்தி வைத்திருக்கும்.

ஃபெடோரா, ஆர்ச்

ஃபெடோராவில் படிமத்தை உருவாக்குவது டிராகட்: 'சூடோ டிராகட் --ஃபோர்ஸ்'. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து என்விடியா போடும்போது ஏகேமாட்ஸ் என்ற சேவை பின்னணியில் மாட்யூலை உருவாக்கும்; நிறுவல் முடிந்ததாக டெர்மினல் சொன்ன பிறகும் அது சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். 'மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' (இந்த 'எஃப்' பெரிய எழுத்து) ஒரு பதிப்பு எண்ணைத் தரும்வரை ரீபூட் செய்யாதீர்கள்.

ஆர்ச்சில் கட்டளை 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி', அதில் 'பி' பெரிய எழுத்து. அங்கே இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. /பூட் பகிர்வை மவுண்ட் செய்யாமலே அமைப்பைப் புதுப்பித்துவிட்டால், புதிய கர்னல் ரூட் பகிர்வில் உள்ள வெறும் /பூட் ஃபோல்டருக்குள் போய் விழும். பூட் ஆவது என்னவோ பகிர்வில் உள்ள பழைய கர்னல். அதற்குரிய மாட்யூல் ஃபோல்டரைப் பேக்கேஜ் மேலாளரான பேக்மேன் ஏற்கெனவே நீக்கியிருக்கும். அதனால் வைஃபை வராது, சில கணினிகளில் யூஎஸ்பி விசைப்பலகைகூட வேலை செய்யாது, ஒவ்வொரு மாட்யூலும் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். யூநேம் சொல்லும் பதிப்பும் /லிப்/மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பதிப்பும் வேறுவேறாக இருந்தால் இதுதான் காரணம். லைவ் பென்டிரைவில் எழுந்து, /பூட் பகிர்வைச் சரியாக மவுண்ட் செய்து, சிஎச்ரூட்டுக்குள் 'பேக்மேன் -எஸ் லினக்ஸ்' (இந்த 'எஸ்' பெரிய எழுத்து) கொடுத்தால் போதும். பிறகு எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பகிர்வுக்கு வரி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.